திருப்பணியும் கல்வெட்டும்

முத்துக்குளித்துறைக் கரையில் விளங்கும் திருச்செந்தூர்த் திருக்கோயில், கடற்காற்றால் அரிப்புண்டமையின் புதுக்கப்பெற்று 1941-இல் நிறைவெய்தியது. நன்றே. ஆயினும், 9-ஆம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் செந்திற்பெருமான் வழிபாட்டிற்கு 1400 பொற்காசு வைத்தமையும், கொற்கை முதலிய ஊரார் அம்முதலை ஏற்று ஆண்டுதோறும் பொலிசை அளந்தமையும் நாம் அறிவது எதனால்? சாசனம் பொறித்த கற்கள் அங்கு எஞ்சியமையாலன்றோ?

பழங்கல்லென்று எழுத்தைக் கொத்தித் தளம் பாவுவோர் செய்வது திருப்பணியாமோ? அறஞ்செய்தார் பெயரை அழித்து அறஞ்செய்தல் முரணேயாம். திருக்கோடிகாவில் கற்றளி எடுப்பித்த செம்பியன் மாதேவியார், பழங்கற்களிலிருந்த சாசனங்களைப் படியெடுப்பித்துப் புதுச்சுவரிற் பொறிப்பித்தருளினார். அச்சிவத்தொண்டே நமக்கு அளவை. படியெடாது ஒரு கல்லையும் பெயர்த்தல் தகாது. திருப்பணிச் சபையார் இதனைக் கடைப்பிடிப்பாராக.