பிழாவும் பிளாவும்
தமிழர் கள்ளுண்டலும் ஜேர்மானியர் பியர் மரபும்: ஓர் ஒப்புநோக்கு

ஒரு சமுதாயத்தின் பண்பாட்டை அளந்தறிதற்கு அதன் கோயிலும் கலையும் நூலும் கருவியாதல் போல, அதன் மக்கள் யாரோடு அமர்ந்து உண்கின்றனர், எக்கலத்திற் பருகுகின்றனர் என்பதும் கருவியாம். சங்கச் சான்றோர் கள்ளைப் பாடினர் என்று பெருமிதங் கொள்வாரும் உளர். அதனைக் கேட்டு முகஞ் சுளிப்பாரும் உளர். இவ்விரு சாராரும் கலத்தினுள் இருந்த மதுவையே நோக்கினர். அதனைச் சூழ்ந்திருந்த மனிதரை நோக்கினாரல்லர். மனிதரை நோக்கின், பழம்பாட்டுக்களின் மதிப்பும் பிற்கால வாழ்வின் குறையும் ஒருங்கே புலனாகும்.

மதுவைச் சமுதாய ஒழுங்கிற்கு உட்படுத்திய நாடுகளுள் ஜேர்மனி எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது. 1516 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 ஆம் நாள் பவேரியக் கோமகன் நான்காம் வில்லியம் இங்கொல்ஸ்ரற் நகரில் ஓர் ஆணை பிறப்பித்தான். வாற்கோதுமை, ஹொப் என்னும் பூ, நீர் ஆகிய மூன்றாலன்றிப் பியர் வடித்தல் கூடாதென்பதும், இன்ன காலத்தில் இன்ன விலைக்கே விற்றல் வேண்டுமென்பதும் அவ்வாணையின் சாரம். 1812 இல் பவேரிய மன்னன் மக்சிமிலியன் யோசேப்பு, மியூனிக் நகரத்துப் பியர் வடிப்போர் தத்தம் நிலவறைகளின் மேலுள்ள மரநிழலிற் பியர் விற்கலாமெனவும், ரொட்டியன்றிப் பிற உணவு விற்றல் ஆகாதெனவும் விதித்தான். அதனால் மக்கள் வீட்டிலிருந்தே உணவு கொணர்ந்து, நீண்ட பலகைகளில் முன்பின் அறியாதாரோடும் பக்கத்தமர்ந்து உண்ணும் வழக்கம் வேரூன்றியது. அது இன்றும் அங்கு நிலவுகின்றது. குடியால் விளையுங் கேட்டினை அந்நாடும் அறியும். எனினும் வடிப்போன் மதிப்புடைத் தொழிலாளனாகக் கருதப்பட்டான் என்பதும், குடிப்போர் வெளிப்படையாக ஒரே பலகையில் அமர்ந்தனர் என்பதும் ஈண்டுக் கருதற்பாலன.

இனித் தமிழ் நூல்களை நோக்குக. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன் மீது பாடினார். பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழியிடையே வாழும் மக்கள் அளிக்கும் விருந்தைக் கூறுமிடத்து, அரிசியாலாகிய ஒருவகை மது ஆக்கும் முறையை அவர் படிப்படியாக விளக்குகின்றார். அரிசிக்களியை அகன்ற வாயையுடைய கலத்தில் ஆற்றி, நெல்முளையாலாகிய அடையைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியச் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பர். முளைவிட்ட தானியத்தின் துணைகொண்டு மாவைப் புளிக்கவைக்கும் இம்முறை, வாற்கோதுமையை முளைப்பித்துப் பியர் வடிக்கும் முறைக்கு நெருங்கியதாம். இப்பகுதியின் சிறப்பு, மது ஆக்கும் முறையை எடுத்துரைப்பதோடு அமைவதன்று. வழிப்போக்கனான வறிய பாணனுக்கு அம்மது சுட்ட மீனோடு கொடுக்கப்படுகின்றது. கொடுப்போரும் செல்வரல்லர். உழைப்போர் இல்லத்தில் உணவும் மதுவும் பிரியாது விருந்தாகின்றமையே புலவர் காட்ட விரும்பிய காட்சி.

புறநானூற்றில் அதியமான் நெடுமான் அஞ்சி மாய்ந்தபொழுது ஒளவையார் பாடிய கையறுநிலை இதனினும் ஆழமுடையது. கள் சிறிதாயின் தமக்கே ஈவான், பெரிதாயின் தாம் பாடத் தானும் உடனுண்டு மகிழ்வான் என்னுங் கருத்தில் அவர் தலைவனை நினைந்து இரங்குகின்றார். கொடைக்கு யானையையும் தேரையும் அளவுகோலாகக் கொள்ளும் புலவர் பலருளர். ஒளவையாரோ சிறிதுள்ள பொருளை யார்க்கு விடுத்தான் என்பதனால் மன்னனை அளக்கின்றார். உடனுண்ணும் நட்பிழந்த துயரமே அப்பாட்டின் உயிர். அதனைக் குடிக்குச் சான்றாகக் காட்டுவோர் பாட்டைப் படித்தவராகார்.

இவற்றிற்கு மாறாகத் திருக்குறளின் 93 ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமையைப் பத்துக் குறளால் வற்புறுத்துகின்றது. ஈன்றாள் முகத்தும் இன்னாதாகுதல், பொருள் கொடுத்து மெய்யறியாமையைக் கொள்ளுதல், மறைந்துண்டு ஊராரால் நகையாடப்படுதல் என வள்ளுவர் காட்டும் கேடுகள் உறவு அறுதலைச் சுட்டுவன. மது மனிதரை ஒன்றுசேர்த்தமையை ஒளவையார் பாடினார். அது மனிதரைத் தாயினின்றும் ஊரினின்றும் பிரித்தலை வள்ளுவர் கடிந்தார். இருவர்க்கும் உரைகல் ஒன்றே. ஆயினும், குடித்துக் குடும்பத்தை வறுமையில் ஆழ்த்துவோன் ஒளவையாரைத் துணைக்கழைத்தல் பொருந்தாது. வள்ளுவர் விதியே அவனுக்கு உரியது.

இவ்வுரைகல்லை வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வைத்து நோக்குதல் தகும். கனகராயன் ஆறு சுண்டிக்குளக் கடனீரேரியை நாடும் பக்கத்தே அமைந்த கண்டாவளை, நெல்வயலும் பனையும் அருகருகே காணப்படும் நிலம். பனையின் பாளையைச் சீவிக் கட்டிய முட்டியில் உட்புறம் சுண்ணாம்பு தடவின் இனிய கருப்பநீர் கிடைக்கும். தடவாது விடின் அதுவே புளித்துக் கள்ளாகும். கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்குவர். கள்ளையும் கூழையும் பருகுவதற்குப் பனையோலையால் கோலிய கலத்தைப் பிளா என்பர். பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக்களி ஆற்றிய கலத்தின் பெயர் பிழா என்பது. ஓரெழுத்தே வேறுபட்ட இச்சொல் கற்போர் நெஞ்சைத் தொடாதிராது.

பெயர் நெருங்கியிருப்பினும் பொருள் நெடுந்தூரம் விலகிற்று. வைகறையும் மாலையும் உயிரைப் பணயம் வைத்து மரமேறிய தொழிலாளி, சாதியின் பெயரால் இழிந்தோனாக ஒதுக்கப்பட்டான். அவன் சீவிய கள்ளை விரும்பினோர் அவனோடு ஒரு பந்தியில் அமர மறுத்தனர். தவறணை என்னும் ஐரோப்பியர் வழிவந்த சொல்லோடு குடி வாணிகமாயிற்று, கூடியுண்டல் தேய்ந்தது. தேநீர்க் கடையிலும் சிலர்க்கு வேறு கலம் வைக்கப்பட்டது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் புகுதற்கு மக்கள் போராட வேண்டியிருந்தது. 1972 இல் வெளிவந்த கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் அப்போராட்டத்தைப் பொருளாகக் கொண்டது. அதன் நடையில் சங்கப் பாட்டின் செறிவை நாடுதல் வேண்டா. சங்கப் புலவர் விருந்தளித்த கையைப் பாடினர். டானியல் விருந்தில் இடம் மறுக்கப்பட்ட மனிதனை இலக்கியத்தின் நடுவே நிறுத்தினார். உடனுண்டலைச் சிறப்பித்த மொழியிலேயே உடனுண்ண மறுக்கப்பட்டோர் வரலாறும் எழுதப்படல் வேண்டுமென்பதை அந்நூல் உணர்த்திற்று.

ஆதலின் ஜேர்மானியரிடத்துத் தமிழர் கற்றற்குரியது பியர் பருகும் வழக்கமன்று. உழைப்போனுக்குத் தொழில்மதிப்பும், அயலானுக்குப் பலகையில் இடமும் நல்கும் மனப்பாங்கேயாம். அதனைக் கற்றற்கு மியூனிக் வரை செல்லவேண்டிய தேவையும் இல்லை. உருத்திரங்கண்ணனாரின் பாணனுக்கு அவ்விடம் கிடைத்தது. ஒளவையாருக்கும் கிடைத்தது. கலத்தில் உள்ளது கள்ளாயினும் கருப்பநீராயினும் கூழாயினும், அதனை ஏந்தும் பிளா அனைவர் கையிலும் ஒன்றாக இருக்கும் நாளிலேயே அப்பழம்பாட்டுக்களைத் தம் உடைமையென உரைக்கும் உரிமை தமிழர்க்கு முழுதும் உண்டாகும்.