உடல் வருடியும் செய்தித்தமிழும்

புக்கிட் பாத்தோக்கின் அடுக்குமாடி வீடொன்றில் வாழும் தாயும் மகளும், லண்டனிலுள்ள மகனைக் கண்டுவரப் புறப்படுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மகள் கருவுற்றிருக்கிறாள். அங்குள்ள விமான நிலையத்தில் ‘உடல் ஸ்கேன்’ எடுப்பார்கள் என்று தாய் தமிழில் படித்திருக்கிறார். “வயிற்றுப் பிள்ளைக்கு அது ஆகுமா?” என்று கேட்கிறார். “ஆஸ்பத்திரியில் எடுக்கிற ஸ்கேன்தானே அம்மா, ஒன்றும் ஆகாது” என்கிறாள் மகள். இருவர் வாயிலும் சொல் ஒன்று. இருவர் உள்ளத்திலும் பொருள் வேறு. தாயின் அச்சத்திற்கும் மகளின் துணிவிற்கும் அச்சொல்லில் ஆதாரம் ஏதும் இல்லை.

படிப்போரை அஞ்சவைப்பதோ அமைதிப்படுத்துவதோ செய்தியின் கடமை அன்று. எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டா எனப் பகுத்துணரச் செய்வதே அதன் கடமை. விமான நிலைய உடற்சோதனைக் கருவியைப் பற்றிய தமிழ் எழுத்து பெரும்பாலும் இக்கடமையில் வழுவியிருக்கிறது. அறிவியல் அறியாமை மட்டுமே இதற்குக் காரணம் என்று கூறுதல் பொருந்தாது. சொல்லைத் தேர்வதில் காட்டிய அசட்டையே பெரிய காரணம்.

கருவி வந்த வரலாற்றை முதலில் நோக்குவோம். 2009ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில், உள்ளாடைக்குள் மறைத்த வெடிமருந்தை ஒருவன் பற்றவைக்க முயன்றான். உலோகத்தை மட்டும் அறியும் சோதனை வாயில் அம்மருந்தைக் காட்ட வல்லதன்று. 2010 முதல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உடல் முழுவதையும் நோக்கும் கருவிகள் பெருகின. 2019 ஏப்ரலில் இந்தியாவும் 84 விமான நிலையங்களில் இத்தகைய கருவியை நிறுவ ஆணையிட்டது. குறித்த காலத்தில் அது நிறைவேறவில்லை. எனினும் தமிழருக்கு இஃது அயலார் செய்தி அன்று என்பது தெளிவு.

கருவியில் இருவகை உண்டு. ஒன்று, வலிமை குறைந்த எக்ஸ் கதிரை உடலின்மேல் செலுத்தி, அது தோலிலும் மறைபொருளிலும் பட்டுப் பின்னோக்கிச் சிதறுவதைப் படமாக்குவது. மற்றொன்று, மில்லிமீட்டர் அலை என்னும் வானொலி அலையைச் செலுத்தி, அது மீள்வதைக் கொண்டு அறிவது. முன்னது அணுக்களை அயனியாக்கும் கதிர். பின்னது அவ்வாறு செய்யாதது. உடல்நலத்தைப் பற்றிய வாதம் அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டின்மேல் நிற்கிறது. ‘ஸ்கேன்’ என்னும் சொல்லோ இவ்வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. மருத்துவமனையிலும் அதே கதைதான். கருவைக் காண ஒலியலையைக் கொண்டு எடுப்பதும் ஸ்கேன். எக்ஸ் கதிரைக் கொண்டு எடுக்கும் சி.டி.யும் ஸ்கேன், காந்தத்தைக் கொண்டு எடுப்பதும் ஸ்கேன். தாயும் மகளும் இடறியது இங்கேதான்.

‘ஊடுகதிர்’ என்று எழுதினால் தீருமோ? அதுவும் தீராது. ஊடுருவிச் செல்வது ஊடுகதிர். மருத்துவமனையில் எலும்பைக் காட்டும் படத்திற்கு அப்பெயர் தகும். பின்சிதறலைக் கொண்டு படமாக்கும் விமான நிலையக் கருவிக்கு அது குடலையும் கருவையும் காட்டும் என்னும் பொய்ப்பொருளைத் தருகிறது. ‘வருடி’ என்பது அகராதி தந்த அழகிய சொல்; தாளை வருடும் கருவிக்கு நன்கு பொருந்தும். ‘உடல் வருடி’ என்றவுடன் யாரோ மேனியைத் தடவுவதாகத் தோன்றுகிறது. உண்மையில் இக்கருவி தொடுவதில்லை. இதனை மறுப்பவரையே பல நாடுகளில் கை தொட்டுச் சோதிக்கிறது. சொல் உண்மையைத் தலைகீழாக்குகிறது.

அளவைக் கூறாத செய்தியும் குறையுடையதே. எக்ஸ் கதிர்க் கருவியில் ஒருமுறை நிற்பதால் பெறும் அளவு ஏறத்தாழ 0.1 மைக்ரோசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. வானில் உயரப் பறக்கும்போது ஓரிரு நிமிடத்தில் அண்டவெளியிலிருந்து உடல் பெறும் கதிரளவு அதற்கு ஈடாகும். இதனால் எதிர்ப்பு வீணானது என்று முடிவுகட்டுவதும் நேர்மையாகாது. 2010இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாக அறிவியலார், அக்கதிர் உடல் முழுவதும் பரவாமல் பெரும்பாலும் தோலில் தங்குகிறது, எனவே முழு உடலுக்குக் கணக்கிட்ட அளவு பொருந்தாது என்று அமெரிக்க அரசுக்கு எழுதினர். 2011 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் எக்ஸ் கதிர் வகையை விலக்கி, மற்றதை நிபந்தனையோடு ஏற்றது.

அமெரிக்க விமான நிலையங்களிலிருந்து எக்ஸ் கதிர் வகை 2013இல் அகற்றப்பட்டது. உடல்நலக் கேட்டினால் அகற்றினர் என்று கருதுவோர் பலர். அது பிழை. பயணியின் மேனியுருவைக் காட்டாமல், பொதுவான மனித வரைவடிவில் ஐயத்திற்குரிய இடத்தை மட்டும் குறிக்கும் மென்பொருள் வேண்டும் என்று 2012ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. அக்கருவியைச் செய்தவரால் குறித்த நாளுக்குள் அதனை அமைக்க இயலவில்லை. கருவியை வெளியேற்றியது கதிர் அன்று, படம்.

இனி அந்தப் படத்திற்கு வருவோம். அமெரிக்காவின் ஆர்லாண்டோ நீதிமன்றத்தில், மில்லிமீட்டர் அலை வகைக் கருவி 35,000க்கும் மேற்பட்ட படங்களைச் சேமித்து வைத்திருந்தது 2010இல் வெளியாயிற்று. கதிரால் தீங்கில்லாத கருவி உரிமையால் தீங்கு செய்தது. இதனை ‘மானக்கேடு’ என்றோ ‘நிர்வாணப் படம்’ என்றோ தலைப்பிடுவது பரபரப்பிற்கு உதவும்; கருத்திற்கு உதவாது. ‘தனிமை’ என்பதும் பொருந்தாது. தனிமை ஆளற்ற நிலை. அறியாமலே எடுத்து வைத்த படத்தை எவர் காண்பர், எத்துணைக் காலம் வைப்பர் என்று கேட்கும் உரிமை பறிபோயிற்று. அதற்குத் ‘தனியுரிமை’ என்பதே தக்க சொல்.

மானம் என்னும் சொல்லுக்கு உரிய இடம் வேறு. 2010 டிசம்பரில் அமெரிக்காவுக்கான இந்தியத் தூதர் மீரா சங்கர், மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் விமான நிலையத்தில் தனியே நிறுத்தப்பட்டுக் கையால் சோதிக்கப்பட்டார். சேலை உடுத்தியிருந்ததே காரணம் என்று செய்திகள் கூறின. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில், விமானத்தில் ஏறி அமர்ந்துவிட்ட அப்துல் கலாமின் மேலங்கியையும் காலணியையும் சோதனைக்கு எடுத்துச் சென்றனர். இவை கருவியின் குற்றம் அல்ல. மனிதர் மனிதரை நடத்திய முறை. கருவியை எதிர்ப்போர் கையை மறந்துவிடுகின்றனர்; கருவியைப் போற்றுவோர் படத்தை மறந்துவிடுகின்றனர்.

ஆதலின் இத்தகைய செய்தியை எழுதுவோர் நான்கு வினாக்களுக்கு விடை தருதல் வேண்டும். எந்தக் கதிர்? எவ்வளவு? படத்தைக் காண்பவர் யார், அது சேமிக்கப்படுகிறதா? மறுத்தால் மாற்று யாது? இவற்றுக்கு விடையில்லாத செய்தியை வகுப்பிலே கொடுத்து, விடுபட்டதைக் கண்டுபிடிக்கச் சொல்வது தமிழாசிரியர்க்கு நல்ல கருத்தறிதல் பயிற்சியாகும். ‘ஸ்கேன்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பதை விட்டு, ‘எக்ஸ் கதிர்ச் சோதனைக் கருவி’, ‘மில்லிமீட்டர் அலைச் சோதனைக் கருவி’ என்று பிரித்து எழுதினால் சில சொல் கூடும். அந்தச் சில சொல்லிருந்தால், புக்கிட் பாத்தோக் தாய் தம் மகளைக் கேட்டுக் கலங்கவேண்டியதில்லை, சோதனை வாயிலில் நிற்கும் அதிகாரியிடம், “இது எந்தக் கருவி?” என்று நேராகக் கேட்கலாம்.