இருக்கிறார் என்று சொல்லும் பச்சைப் புள்ளி

அலுவலக உரையாடல் செயலிகளில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி உண்டு. மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் அது பச்சையாக இருந்தால் ஆள் இருக்கிறார். சிவப்பு என்றால் வேறு வேலையில் இருக்கிறார். மஞ்சள் என்றால் எழுந்து போயிருக்கிறார். ஸ்லாக்கிலும் ஜோஹோவின் கிளிக்கிலும் சிற்சில மாற்றங்களுடன் இதே ஏற்பாடு இருக்கிறது.

இந்த வழக்கம் அலுவலகத்தில் பிறந்ததல்ல. 1996இல் வந்த ஐசிக்யூவும் அடுத்த ஆண்டு வந்த ஏஓஎல் மெசஞ்சரும் நண்பர்கள் அரட்டை அடிக்க உருவானவை. 'வெளியே போயிருக்கிறேன்' என்று அங்கே எழுதி வைத்தவர், தன் விருப்பப்படி எழுதி வைத்தார். அதை வைத்து அவர் சம்பளத்தை யாரும் கணக்கிடவில்லை.

அலுவலகத்தில் இந்த ஸ்டேட்டஸ் புள்ளியின் பயன் உண்மையானது. சிறுசேரி ஐ.டி. பூங்காவில் இருக்கும் குழு அமெரிக்காவில் இருக்கும் குழுவோடு வேலை செய்யும்போது, எதிரில் இருப்பவர் இப்போது வேலையில் இருக்கிறாரா, கூப்பிட்டால் எடுப்பாரா என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடுகிறது. டீம்ஸ் கேலண்டரைப் பார்த்து மீட்டிங்கில் இருப்பதைத் தானாகவே காட்டுகிறது. 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டால் மணியோசை அடங்குகிறது. கவனம் கலையாமல் 2 மணி நேரம் உட்கார வேண்டியவருக்கு இது பெரிய உதவி.

கோளாறு தானாக மாறும் புள்ளியில் தொடங்குகிறது. கணினியில் 5 நிமிடம் அசைவில்லை என்றால் டீம்ஸ் மஞ்சளுக்குப் போய்விடும். ஸ்லாக் 10 நிமிடம் பொறுக்கும். செயலி ஆளைப் பார்ப்பதில்லை. விசைப்பலகையையும் மவுஸையும்தான் பார்க்கிறது. ஒரு நிரலின் பிழையைக் காகிதத்தில் கோடு போட்டு யோசிப்பவர் அதன் கணக்கில் இல்லாதவர். வேலையே செய்யாமல் மவுஸை அசைத்துக்கொண்டிருப்பவர் அதன் கணக்கில் இருப்பவர். மேலாளர் இந்தப் புள்ளியை வருகைப் பதிவேடாக வாசிக்கத் தொடங்கினால், ஊழியரும் புள்ளிக்காகவே உழைக்கத் தொடங்குகிறார். மவுஸைத் தானாக அசைக்கும் கருவிகள் விற்பனைக்கு வந்தது இப்படித்தான். விசைப்பலகை இயங்குவதுபோல் போலியாகக் காட்டியதற்காக 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி பத்துக்கும் மேற்பட்டோரை வேலையை விட்டு நீக்கியது. ஏமாற்று தவறுதான். ஆனால் அசைவை உழைப்பாக எண்ணும் அளவுகோல்தான் அந்த ஏமாற்றுக்கு இடம் கொடுத்தது.

ஆள் இருப்பதே வேலையின் பாதியாக அமையும் தொழில்களும் உண்டு. காஞ்சிபுரத்தின் கோர்வைப் பட்டு அப்படிப்பட்டது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளர் ஒருவரால் இது ஆகாது. ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ள இன்னொருவர் தறியில் கூடவே உட்கார வேண்டும். அந்த உதவியாள் எழுந்து போனால் அடுத்த ஊடை விழாது, தறி நின்றுவிடும். இங்கே 'இருக்கிறாரா' என்ற கேள்விக்குப் பொருள் உண்டு. நேரலையில் கோளாறு சரிசெய்யும் குழுவும், வாடிக்கையாளர் அழைப்பை எடுக்கும் பிரிவும் இந்த வகை.

ஆனால் அதே நெசவாளருக்குக் கூலி சேலைக்குத்தான். கொடுத்த பட்டுக்கும் ஜரிகைக்கும் ஈடாகச் சேலை எடை நிற்கிறதா, நெசவு சீராக இருக்கிறதா என்றுதான் கூட்டுறவுச் சங்கத்திலும் முதலாளியிடமும் பார்ப்பார்கள். காலையில் எத்தனை முறை எழுந்தார் என்று கேட்பதில்லை. இதையே அலுவலகத்துக்கு அப்படியே கொண்டுவரச் சொல்வதும் சரியல்ல. மழைக்காலத்தில் குழித்தறியில் நீர் ஊறினால் வேலை நிற்கும், கூலியும் நிற்கும். மாதச் சம்பளம் தரும் பாதுகாப்பு நெசவாளருக்கு இல்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அறிக்கை, நிரல், வடிவமைப்பு போன்ற தனியாள் வேலைகளை முடிந்த பொருளை வைத்து மதிப்பிடலாம், புள்ளியின் நிறம் அங்கே எதையும் சொல்வதில்லை.

நிறத்தைவிட எழுத்து நேர்மையானது. 2017 முதல் ஸ்லாக்கில் ஒரு வரி எழுதி வைக்கலாம். டீம்ஸிலும் எழுதலாம், அது எப்போது அழிய வேண்டும் என்றும் குறிக்கலாம். 'கிளையன்ட் மீட்டிங், 4 மணிக்கு மேல் பதில் தருகிறேன்' என்ற வரி, கேட்பவரைக் காக்க வைக்காமல் வேறு வேலைக்கு அனுப்புகிறது. வெறும் சிவப்பு அதைச் செய்யாது. எழுதியதை மாற்ற மறப்பதுதான் இதன் குறை. நேற்றைய மீட்டிங் இன்றும் நின்றால் அடுத்த முறை யாரும் அதை நம்பமாட்டார்கள். ஆஃப்லைனாகக் காட்டிக்கொண்டு உள்ளே இருப்பது தொந்தரவைத் தடுக்கும். ஆனால் அவசரத்துக்குத் தேடும் சக ஊழியரையும் ஏமாற்றிவிடும். நாள் முழுக்க அப்படி இருப்பவர் குழுவுக்குச் சுமை.

வேலை நேரத்துக்குப் பின் எரியும் பச்சை தனிச் சிக்கல். கைபேசியில் செயலியைத் திறந்தாலே போதும், இரவு 10 மணிக்கும் ஆள் கிடைப்பதாகக் காட்டிவிடும். பிரான்ஸில் 2017இலும் ஆஸ்திரேலியாவில் 2024இலும், வேலை முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2018இல் மக்களவையில் தனிநபர் மசோதாவாக இது வந்தது, சட்டமாகவில்லை. அது சட்டமாகும்வரை ஊழியர் கையில் இருப்பது, குறித்த நேரத்துக்குப் பின் அறிவிப்புகள் வராதபடி செயலியிலேயே நேரம் வைத்துக்கொள்ளும் வசதி மட்டுமே. அதை எல்லோருக்கும் பொதுவாக நிறுவனமே அமைத்துக் கொடுத்தால், தனியொருவர் அதைப் போடத் தயங்க வேண்டியிருக்காது.