துளையில்லாத அடித்தகடு

தைப்பவர்கள் மெஷினுக்குக் கொடுக்கும் மரியாதையில் கால்வாசியைக்கூட அயர்ன் பாக்ஸுக்குக் கொடுப்பதில்லை. மெஷின் வாங்க நாலு கடை ஏறி இறங்குவார்கள். ஊசி 14-ஆ 16-ஆ என்று வாதாடுவார்கள். அயர்ன் பாக்ஸ் மட்டும் எந்தக் கல்யாணத்திலோ பரிசாக வந்ததாக இருக்கும். வீட்டில் தைத்த ரவிக்கையைக் கைதேர்ந்த டெய்லரின் ரவிக்கைக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசம் தெரியுமே, அதில் பாதி அயர்ன் பாக்ஸால் வருவது என்பது என் கட்சி.

துவைத்த சட்டையைத் தேய்க்கிறோம். தைக்கிற துணியைத் தேய்க்கக் கூடாது, அழுத்த வேண்டும். பெட்டியை வைத்து, எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும், இழுக்கவே கூடாது. கழுத்துக்குப் பைப்பிங் வைக்க கிராஸ் பீஸ் வெட்டுகிறோம் அல்லவா, அது ரப்பர் மாதிரி இழுபடும் துணி. அதன்மேல் பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டினால் பட்டி நீண்டுவிடும், கழுத்து வாய் பிளந்து நிற்கும். பழி தையல் போட்டவர்மேல் விழும்.

தோள்பட்டைத் தையல் ஒன்றை நல்ல டெய்லர் எப்படி அழுத்துகிறார் என்று பாருங்கள். ஓட்டி முடித்ததும் விரிக்கமாட்டார். மடித்தபடியே ஒருமுறை பெட்டியை வைப்பார். நூல் துணிக்குள் பதிந்துகொள்ளும். பிறகு நகத்தால் தையலைப் பிளந்து, பெட்டியின் மூக்கை மட்டும் அந்தக் கோட்டில் வைத்து வைத்து எடுப்பார். கடைசியில் நல்ல பக்கம் திருப்பி, மேலே ஒரு மெல்லிய துணி போட்டு ஒரே அழுத்து. ஒரு நிமிஷம்கூட ஆகாது. தடவிப் பார்த்தால் தையல் இருக்கிற இடம் கைக்குத் தட்டுப்படாது.

இந்த விஷயத்தில் அமெரிக்காவில் ஒட்டுத்துணி விரிப்பு தைப்பவர்கள், அதாவது குயில்ட் போடுகிறவர்கள், நம்மைவிடக் கறார். அவர்கள் கணக்கில் தையலுக்கு விடுவது கால் அங்குலம், அவ்வளவுதான். ஒரு வரிசையில் 16 சதுரங்கள் என்றால் 15 தையல். சரியாக அழுத்தாமல் ஒவ்வொரு தையலின் மடிப்பும் ஒரு அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கைத் தின்றால், வரிசை கிட்டத்தட்ட ஒரு அங்குலம் குறைந்துவிடும்; பக்கத்து வரிசையோடு மூலை சேராது. அதனால் ஒரு வரிசையில் தையலை இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் சாய்த்து அழுத்துவார்கள். சேர்க்கும்போது இரண்டு மேடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். நம் பக்கத்துக் கர்நாடகத்தில் சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கும் கவுந்தி விரிப்புகளுக்கோ பெட்டியே தேவையில்லை. ஓரத்திலிருந்து உள்நோக்கி, ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் விரலாலேயே மடித்துக் கையூசியால் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். விரலே அங்கே அயர்ன் பாக்ஸ். மெஷினில் தைக்கிற நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

சரி, எந்தப் பெட்டி? முதலில் கனம். கடைகளில் லேசாக இருப்பதைத்தான் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். தினமும் பத்துச் சட்டை தேய்ப்பவருக்கு அது சரி. தையலுக்குக் கனம்தான் வேலை செய்யும். தெருமுனை வண்டியில் கொட்டாங்கச்சிக் கரி போட்ட பித்தளைப் பெட்டியைப் பார்த்தால் புரியும்: ஆள் அழுத்துவதில்லை, பெட்டி அழுத்துகிறது. அவர் வழிகாட்டுவதோடு சரி. வீட்டில் அத்தனை எடை வேண்டாம். ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருந்தால் போதும். கனமான அடித்தகட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஈரத் துணியில் வைத்ததும் மெல்லிய தகடு சூட்டை இழந்துவிடும், உள்ளே தெர்மோஸ்டாட் டிக்கென்று போட்டு மறுபடி சூடேறும்வரை நாம் வெறுமனே தடவிக்கொண்டிருப்போம். தடித்த தகடு சூட்டைச் சேமித்து வைத்துக்கொண்டு நிதானமாகச் செலவழிக்கும்.

அடுத்தது துளை. இங்கேதான் எனக்கும் கடைக்காரர்களுக்கும் ஒத்துவராது. ஸ்டீம் அயர்ன் உசத்தி, டிரை அயர்ன் மட்டம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஒட்டுகிற கேன்வாஸைக் கழுத்துத் துணியில் வைத்து ஸ்டீம் பெட்டியால் பத்துப் பதினைந்து நொடி அசையாமல் அழுத்திப் பாருங்கள். துளை இருந்த இடங்களில் பசை உருகியிருக்காது. இரண்டு துவைப்புக்குப் பிறகு அந்த இடங்கள் கொப்புளமாக எழும்பும். போதாததற்கு நம் ஊர் போர்வெல் தண்ணீர். அதை ஊற்றினால் சில மாதங்களில் துளைகளில் வெள்ளைச் சுண்ணாம்பு கட்டும். ஒருநாள் வெளிர் பட்டின்மேல் பழுப்பாக ஒரு சொட்டு விழும். ஸ்டீம் பெட்டிதான் வேண்டும் என்பவர்கள் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரை வாங்கிக்கொள்வது நல்லது.

ஆவி வேண்டாம் என்று சொல்லவில்லை. பருத்தி இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தண்ணீர்தான் தளர்த்துகிறது. சூடு அந்தத் தண்ணீரை விரட்டும்போது இழைகள் புது வளைவில் இறுகுகின்றன. ஈரம் இல்லாமல் மடிப்பு நிற்காது. அந்த ஈரம் பெட்டிக்குள்ளிருந்துதான் வர வேண்டும் என்று என்ன கட்டாயம்? பிழிந்த மல் துணியை மேலே போட்டு டிரை அயர்னை வைத்தால் வருவதும் ஆவிதான், வேண்டிய இடத்தில் மட்டும். பெட்டியை எடுத்த கையோடு, வார்னிஷ் பூசாத, வைரம் பாய்ந்த ஒரு மரக்கட்டையைத் தையல்மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஆவியை மரம் வாங்கிக்கொள்ளும், துணி அப்படியே ஆறும். கம்பளிக் கோட்டு தைப்பவர்களின் பழைய வித்தை இது. தச்சர் பட்டறையில் கேட்டால் துண்டுக்கட்டை சும்மாவே கொடுப்பார்கள்.

தினமும் தைப்பவர் என்றால் கதை வேறு. திருப்பூர்ப் பட்டறைகளில் தலைக்குமேல் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு, குழாய் வழியே இறங்கும் நீரில் ஓடும் பெட்டி ஒன்றைப் பார்க்கலாம். கொரியாவின் சில்வர் ஸ்டார் இந்த வகையில் பெயர் பெற்றது. தண்ணீர்த் தொட்டி பெட்டிக்குள் இல்லாததால் உள்ளே முழுக்க உலோகம். கைப்பிடியில் விசையை அழுத்தினால்தான் வால்வு திறக்கும். விட்டால் சுத்தமான டிரை அயர்ன். தண்ணீரிலுள்ள உப்பை வாங்கிக்கொள்ளப் பாட்டிலுக்குள் பிசின் மணிகள், பளபளப்பு ஏறாமலிருக்க அடியில் டெஃப்லான் ஷூ. வரவேற்பறைக்கு அழகில்லை, வேலைக்கு இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை.

மூக்கும் முக்கியம். நியூயார்க்கின் ஹென்றி சீலி மின்சாரப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கியது 1882-இல். அதற்குப் பிறகும் வெகுநாள் நடுவில் கொதித்து நுனியில் ஆறிப்போகும் பெட்டிகள்தான் வந்தன. கலிபோர்னியாவில் ஏர்ல் ரிச்சர்ட்சன் பெண்களின் அந்தப் புகாரைக் காதில் வாங்கி, நுனிக்குச் சூட்டைக் கொண்டுபோனார். ஹாட்பாயிண்ட் என்ற கம்பெனிப் பெயரே அதிலிருந்து வந்தது. அயோவாவின் மேரி பாட்ஸ், கழற்றி மாட்டும் மரக்கைப்பிடிக்கு 1871-இல் காப்புரிமை பெற்றவர், மின்சாரத்துக்கு முன்பே தன் பெட்டிக்கு இரண்டு பக்கமும் மூக்கு வைத்திருந்தார். பானசோனிக் வயரில்லாத பெட்டியில் அதே வடிவம் திரும்பி வந்திருக்கிறது. பித்தானைச் சுற்றி, கைக்கட்டின் மூலையில் போக வேண்டியவர்களுக்கு மூக்கு கூராக இல்லாவிட்டால் மற்ற எல்லாம் வீண்.

சூட்டைப் பற்றிச் சுருக்கமாக. துணி லேபிளில் ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு 150, மூன்று 200. பட்டை உள்பக்கமாகவே அழுத்துங்கள், ஜரிகைமேல் நேரடியாகப் பெட்டி படவே வேண்டாம். பருத்தி ரவிக்கைக்குப் பாலியெஸ்டர் லைனிங் கொடுத்திருந்தால் லைனிங் தாங்கும் சூடுதான் கணக்கு.

கடைக்குப் போகும்போது ஒரு ஸ்டீல் ஸ்கேல் கொண்டுபோங்கள். அடித்தகட்டில் குறுக்காக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், ஸ்கேலுக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. கைப்பிடியை ஆட்டிப் பாருங்கள். குதிகாலில் நிறுத்தித் தட்டிப் பாருங்கள், சாயக் கூடாது. 2000 வாட் பெட்டி என்றால் வீட்டில் தைக்கிற இடத்தில் 16 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள்; 1000 வாட்டே போதும். தானே அணைந்துகொள்ளும் வசதி தைப்பவருக்குத் தொல்லை, ஒவ்வொரு தையலுக்கும் அது தூங்கிப்போயிருக்கும். அந்த வசதி இல்லாததை வாங்கி, சிவப்பு விளக்கு வைத்த சுவிட்ச் பாக்ஸில் மாட்டுங்கள். அணைக்க மறந்தால் அறை வாசலிலிருந்தே தெரியும்.