பந்தும் பாடும்

பழவேற்காடு ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே அளவு இறால் விழாது. நீரோட்டம் இருக்கும் இடத்தில் கட்டிய வலை நிறையும். தேங்கிய நீரில் கட்டிய வலை காத்துக் கிடக்கும். நல்ல இடத்தைக் கைதேர்ந்தவனே எந்நாளும் வைத்துக்கொள்ளட்டும் என்று கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பத்து மீனவர்கள் விட்டுவிடவில்லை. பாடு என்று முறை வைத்தார்கள். இன்று ஒருவர் வலை, அடுத்து இன்னொருவர் வலை. தலைக்கட்டு உள்ளவருக்கெல்லாம் நல்ல இடத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. எத்தனை பெரிய மீன்காரராக இருந்தாலும் தன் முறை முடிந்தால் இடத்தை விட்டாக வேண்டும்.

கூடைப்பந்தில் நல்ல இடம் என்பது பந்து கையில் இருக்கும் அந்தச் சில விநாடிகள்தான். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ-யில் தாக்குதல் ஒன்றுக்கு 24 விநாடி. அதை யார் எடுத்துக்கொள்வது? இளமையில் நட்சத்திர ஆட்டக்காரரிடம் இதை யாரும் கேட்பதில்லை. 35 வயது தாண்டியதும் எல்லோரும் கேட்கிறார்கள். அவருக்கு ஊர் தரும் அறிவுரையும் ஒன்றுதான்: இனிப் புள்ளி எடுப்பதைக் குறைத்துக்கொள், பந்தைப் பிறருக்குக் கொடு. நல்ல அறிவுரைதான், ஆனால் பாதிதான் சரி.

சரியான பாதி உடம்பிலிருந்து வருகிறது. வயது முதலில் தின்பது, எதிராளியைத் தாண்டிச் செல்லும் அந்த முதல் அடியின் வேகத்தை. பிறகு குதிக்கும் உயரம் குறையும், மறுநாள் ஆட்டத்துக்குள் உடம்பு தேறுவது தாமதமாகும். கண்ணும் கையும் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. எதிரணி அடுத்து எங்கே நகரும் என்று முன்னதாக அறிவது வயதோடு கூடவும் செய்யும். ஆகவே முட்டி மோதிப் புள்ளி எடுப்பதைவிட, பார்த்துக் கொடுப்பது மூத்தவருக்கு மலிவு.

இதை ஏற்க மறுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோபி பிரையன்ட்டின் கடைசிப் பருவம் சாட்சி. 2016 ஏப்ரல் 13 அன்று, தன் இறுதி ஆட்டத்தில், 37 வயதில் அவர் 60 புள்ளிகள் எடுத்தார். லேக்கர்ஸ் அணி யூட்டா ஜாஸை 101-96 என வென்றது. உலகம் கொண்டாடிய இரவு அது. கொண்டாட வேண்டியதும்தான். ஆனால் அன்று அவர் கூடையை நோக்கி எறிந்தது 50 முறை. அந்தப் பருவத்தில் அணி வென்றது 17, தோற்றது 65. பருவம் முழுக்க வழியனுப்பு விழாவாகிப்போன அணியில் இளையவர்களுக்குத் தங்கள் கையில் பந்தை வைத்துத் தவறு செய்து கற்கும் நேரம் சுருங்கிப்போனது. இந்த விலையை அன்றைய கைதட்டலில் யாரும் கணக்கிடவில்லை.

லெப்ரான் ஜேம்ஸை எதிர்த்துருவமாக நிறுத்துவது வழக்கம். 2019-20 பருவத்தில், 35 வயதில், ஆட்டத்துக்குச் சராசரி 10.2 அசிஸ்ட் கொடுத்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். அணி கோப்பையையும் வென்றது. மூத்த நட்சத்திரம் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கு இதுவே இலக்கணம் என்று பலர் எழுதினார்கள். எனக்கு இதில் ஒரு மறுப்பு உண்டு. அசிஸ்ட் என்பது கூடையில் விழுவதற்கு முந்தைய கடைசிப் பாஸின் கணக்கு மட்டுமே. பந்தைப் பதினைந்து விநாடி தட்டிக்கொண்டு நின்றுவிட்டுக் கடைசியில் ஒருவருக்குத் தள்ளினாலும் அசிஸ்ட்தான். மற்ற நால்வரும் அதுவரை நின்று வேடிக்கை பார்த்திருப்பார்கள். பந்தைக் கொடுப்பவரும் பந்தை ஆள்பவராகவே இருக்க முடியும். லெப்ரான் ஆடும் ஆட்டத்தின் அழகை நான் குறைக்கவில்லை. ஆனால் பாஸ் எண்ணிக்கை கூடினாலே பெருந்தன்மை கூடிவிட்டது என்று படிப்பது பிழை.

உண்மையான விட்டுக்கொடுப்பைக் காண 1986-க்குப் போக வேண்டும். கரீம் அப்துல்-ஜபார் 1985 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். அப்போதே 38 வயது. லேக்கர்ஸின் தாக்குதல் ஆண்டாண்டுகளாக அவரைச் சுற்றியே ஓடியது. அடுத்த ஆண்டு ஹூஸ்டன் ராக்கெட்ஸின் ஒலாஜுவான், சாம்ப்சன் என்ற இரு உயரமான இளைஞர்களிடம் அணி 4-1 எனத் தோற்றது. பயிற்சியாளர் பாட் ரைலி தாக்குதலை மேஜிக் ஜான்சன் கையில் ஒப்படைத்தார். கரீமின் சராசரி 23.4-லிருந்து 17.5-க்கு இறங்கியது, மேஜிக்கின் சராசரி 18.8-லிருந்து 23.9-க்கு ஏறியது. 1987-இல் கோப்பை வந்தது, 1988-இல் மறுபடியும் வந்தது. கவனிக்க வேண்டியது, கரீமின் அசிஸ்ட் எண்ணிக்கை கூடவில்லை என்பதுதான். அவர் கொடுத்தது பாஸ் அல்ல, தாக்குதலைத் தொடங்கும் உரிமை. எந்தப் புள்ளிப் பட்டியலிலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. 1987 இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தைப் பாஸ்டனில் வென்று தந்த மேஜிக்கின் கடைசி எறிவும் கரீமின் ஹூக் ஷாட்டைப் பார்த்துப் பழகியதுதான்.

இதையே ஓர் அணி முழுவதும் செய்த ஆண்டும் உண்டு. 2013-14-இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸில் எவரும் ஆட்டத்துக்குச் சராசரி 30 நிமிடம்கூட ஆடவில்லை. டிம் டங்கனுக்கு 38 வயது. கோப்பை அவர்களுக்குத்தான்.

அப்படியானால் பாடு முறையை அப்படியே கூடைப்பந்துக்குக் கொண்டுவந்துவிடலாமா? கூடாது. பாட்டின் பலம் சண்டையைத் தவிர்ப்பது, ஒருவரே வாரிக்கொள்வதைத் தடுப்பது. அதன் குறை, முறை யாருக்கு உண்டு என்ற கேள்வியை அது பிறப்பாலும் ஊராலும் முடித்துவிடுகிறது. ஏரியை நம்பியே வாழும் இருளர்களும் பிற குப்பத்தாரும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். ஏற்றுமதியால் இறால் விலை ஏறிய பிறகு இதனால் வந்த மோதல்கள் சிறியவையல்ல. இன்னொன்று, ஏரியில் முறை மாறுவதால் இறால் தப்பி ஓடிவிடாது. கூடைப்பந்தில் எதிரணி பார்த்துக்கொண்டிருக்கிறது. இவர் இனி எறியமாட்டார், கொடுக்கத்தான் போகிறார் என்று தெரிந்த கணமே காவலர் பின்வாங்கிப் பாஸ் போகும் வழியில் நின்றுகொள்வார். மிரட்டல் போனால் பாஸும் செத்துப்போகும்.

அறிவுரையின் தவறான பாதி இதுதான். ஜேசன் கிட் இதைப் புரிந்துகொண்டவர். பிறவியிலேயே பாஸ் கொடுக்க வந்தவர்போல ஆடியவர், எறிவதில் பலவீனர் என்று பெயர் எடுத்தவர். வயது ஏற ஏற மூன்று புள்ளி எறிவைப் பழகினார். 2011-இல் 38 வயதில் டல்லஸ் அணியோடு கோப்பை வென்றார். 2013-இல் ஓய்வுபெற்றபோது மூன்று புள்ளி எறிவுகளை அதிகம் போட்டவர் வரிசையில் அவர் மூன்றாமிடத்தில் இருந்தார். கொடுப்பவராகவே நீடிக்க வேண்டும் என்றால் எறியக் கற்க வேண்டியிருந்தது.

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு வேறு கனமும் சேர்கிறது. சென்னையின் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணித் தலைவியானவர். குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்து, 2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் பி பிரிவை வென்ற அணியில் ஆடினார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அத்தனை நீண்ட ஆட்ட வாழ்வு நம்மிடம் அரிது. தெற்கு ரயில்வே, ஐசிஎஃப், இந்தியன் வங்கி, ஐஓபி போன்ற துறை அணிகளில் ஆட்டம்தான் வேலைக்கு வழி. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும்போது புள்ளி எடுத்தவர்தான் முதலில் கண்ணில் படுவார். மூத்தவர் பந்தைப் பிடித்து வைத்தால் இளையவர் இழப்பது ஓர் எறிவை மட்டுமல்ல, ஒரு சம்பளத்தையும்தான்.

எனவே என் தீர்ப்பு இது. மூத்த நட்சத்திரம் முதல் மூன்று கால்பகுதிகளில் தாக்குதலைத் தொடங்கும் வேலையை இளையவரிடம் விட்டுவிட வேண்டும். தான் பந்தில்லாமல் ஓடி, காலியான இடத்தில் நின்று, பந்து வந்தால் தயங்காமல் எறிய வேண்டும். கடைசி நிமிடங்களில் பந்து யாரிடம் போக வேண்டும் என்பதை அன்றைய ஆட்டம் சொல்லட்டும், பழைய பெயர் சொல்ல வேண்டாம். பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: புள்ளியையும் அசிஸ்ட்டையும் எழுதும் அதே தாளில், ஒவ்வொரு தாக்குதலும் யார் கையில் தொடங்கியது என்பதையும் எழுதத் தொடங்குங்கள்.