நின்றுபோன மணிக்கூடு: ட்ரீம்காஸ்ற் ஏக்கம் பற்றிச் சில குறிப்புகள்

தோற்றுப்போனவற்றின் மேல் மனிதருக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. சேகா கம்பனியின் ட்ரீம்காஸ்ற் என்ற வீடியோ விளையாட்டுப் பெட்டியைச் சுற்றி இன்று வளர்ந்திருக்கும் ஏக்கமும் இத்தகையதுதான். இலக்கியப் பத்திரிகையில் விளையாட்டுப் பெட்டிக்கு என்ன வேலை என்று முகம் சுழிப்பவர்கள் இருக்கலாம். கடந்தகாலத்தை எப்படி நினைவுகொள்வது என்பது நமக்கு வெளியே நிற்கும் கேள்வியல்ல என்பதே நமது பதில்.

முதலில் விபரங்கள். 1998 நவம்பர் 27இல் யப்பானிலும், 1999இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்பெட்டி கடைக்கு வந்தது. தொலைபேசிக் கம்பியினூடாகத் தூரத்தில் இருப்பவர்களுடன் விளையாட அதில் மோடம் இருந்தது. 2001 ஜனவரி 31இல், உற்பத்தியை நிறுத்தப்போவதாகக் கம்பனி அறிவித்தது. உலகம் முழுவதும் விற்றவை ஏறத்தாழ 90 இலட்சம். 2000இல் வந்த சோனியின் பிளேஸ்ரேசன் 2, தன் காலம் முடிவதற்குள் 15 கோடிக்கு மேல் விற்றது. லண்டன் ஆர்சனல் அணியின் சட்டையில் மட்டும் ட்ரீம்காஸ்ற் என்ற பெயர் 2002 வரை மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

காலத்துக்கு முந்திப் பிறந்தது, சோனியின் பணபலம் அதைக் கொன்றுவிட்டது என்பது ரசிகர்கள் சொல்லும் கதை. இதில் பாதி உண்மை. மறுபாதியை யாரும் விரும்பிச் சொல்வதில்லை. 1994இல் 32எக்ஸ் என்ற இணைப்புக் கருவியை விற்றுவிட்டு, வாங்கியவர்களை விரைவிலேயே கைவிட்டது சேகா. 1995இல் சாற்றேர்ன் பெட்டியை, சொன்ன திகதிக்கு நான்கு மாதம் முன்பாகவே, அமெரிக்காவில் சில கடைகளுக்கு மட்டும் கொடுத்தது. விடுபட்ட கடைக்காரர்கள் பகைத்துக்கொண்டார்கள். ட்ரீம்காஸ்ற் வந்தபோது அந்த நம்பிக்கையீனமும் கூடவே வந்தது. பிளேஸ்ரேசன் 2 டிவிடிப் படமும் காட்டியது. ட்ரீம்காஸ்ற்றிலோ திருட்டுப் பிரதிகள் எந்த மாற்றமும் செய்யாமலே ஓடின. தோற்றவர் என்பதற்காகவே ஒருவரின் கணக்குவழக்கைக் கேளாமல் விடுவது அஞ்சலியாகலாம், விமர்சனமாகாது. இதை நாம் விளையாட்டுப் பெட்டிக்கு மட்டும் சொல்லவில்லை.

இப்பெட்டிக்கென வந்தவற்றுள் நம்மை நிறுத்திவைத்தது யூ சுசுகியின் 'ஷென்மூ' (1999). 1986இன் கடைசி மாதங்கள், யொக்கொசுக்கா என்ற துறைமுக நகரம். தகப்பனைக் கொன்றவனைத் தேடுகிறான் பதினெட்டு வயது றியோ. துப்புத் தேடிப் போகிற இடத்தில் அவனுக்குத் துறைமுகத்தில் பாரந்தூக்கி வண்டி ஓட்டும் வேலை கிடைக்கிறது. காலையில் போய்ப் பெட்டிகளை ஏற்றி இறக்கி, மதியம் சாப்பிட்டு, மறுபடி மாலை வரை ஏற்றி இறக்க வேண்டும். பலருக்கு இது அலுப்பாக இருந்தது. நாள் முழுக்கக் குசினியில் கோப்பை கழுவுகிற நமக்கோ, பழிவாங்கப் புறப்பட்டவனும் நேரத்துக்கு வேலைக்குப் போகவேண்டும் என்று சொல்லும் இடமாகப் பட்டது. வீரர்கள் எங்கிருந்து காசு எடுக்கிறார்கள் என்பதை எத்தனை கதைகள் நமக்குச் சொல்லியிருக்கின்றன? ஆனால் றியோவுக்கு அது சில நாட்கள்தான். பிறகு அவன் ஹொங்கொங்குக்குக் கப்பலேறிவிடுகிறான். நாம் கப்பலேறி வந்து வேலையில் நிற்பவர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த நகரத்தில் அக்காலத்தில் உண்மையில் நிலவிய மழையையும் பனியையும் பதிவேடுகளிலிருந்து எடுத்துக் காட்டும் வசதிகூட இந்த விளையாட்டில் இருக்கிறது. அவ்வளவு கவனம்! ஆனால் றியோவின் வீட்டு ரிவிக்குக் கீழே இருப்பது சாற்றேர்ன், 1994இல்தான் பிறந்த பெட்டி. ஏக்கம் வேலை செய்யும் விதம் இதுதான். மழையைச் சரியாகப் பெய்யவிட்டு, தனக்கு வேண்டியதை வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கிறது, வேண்டாததை எடுத்துவிடுகிறது. நமது ஊர் நினைவுக் கட்டுரைகளிலும் கிணற்றடி உண்டு, மாமரம் உண்டு, மழை உண்டு. படலைக்கு வெளியே நிறுத்திச் சிரட்டையில் தண்ணீர் வார்க்கப்பட்டவர்கள் அவற்றில் இல்லை.

1998இல், பொருளாதாரத் தடைக்குள்ளே மின்சாரமில்லாத வன்னியில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள் நாம். இந்தப் பெட்டியை இங்கே பழைய சாமான் சந்தையில்தான் கண்டோம். எனவே அதற்குள் தேட நமக்குக் குழந்தைப் பருவம் எதுவும் இல்லை. அதற்குள் இருக்கும் சிறு மின்கலம் பழுதாகிவிட்டால், பெட்டி ஒவ்வொரு தடவையும் திகதியை மறந்து, 1998 நவம்பர் 27இல் நின்றுகொண்டு நம்மிடம் நாள் கேட்கிறது. பிறந்த நாளைத் தவிர வேறெதுவும் அதற்கு ஞாபகமில்லை.

ஆனால் பழைய மின்கலத்தை ஈயம் உருக்கிக் கழற்றிப் புதியதை வைப்பவர்களும் இருக்கிறார்கள். கம்பனி கைவிட்ட இணைப்புகளைச் சம்பளமின்றி மீள அமைத்து, தொலைபேசிக் கம்பி போல நடிக்கும் சிறு கணினிகள் மூலம் பழைய பெட்டிகளை மறுபடி பேசவைத்திருக்கிறார்கள். அதற்கெனப் புதிய விளையாட்டுகளும் எழுதுகிறார்கள். இவர்களும் ஏங்குபவர்கள்தான். என்றாலும் பெட்டி ஏன் நின்றது என்பதைத் திறந்து பார்த்தவர்கள். நமது பக்கங்களில் புலம்பலுக்கு இடம் நிறையக் கொடுத்தாயிற்று. திறந்து பார்ப்பவர்களுக்கும் கொஞ்சம் இடம் விடுவோம்.