ஒரு விழுக்காட்டிலிருந்து பத்து விழுக்காட்டுக்கு: சிங்கப்பூரின் மீத்திறன் கல்வி

சிங்கப்பூரில் 1984ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மீத்திறன் கல்வித் திட்டம், தொடக்கநிலை 3இல் பயிலும் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம், கணிதம், பொதுத்திறன் ஆகியவற்றில் தேர்வு வைத்து, அவர்களுள் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டினரைத் தெரிந்தெடுத்து, அடுத்த மூன்றாண்டுகளுக்குக் குறிப்பிட்ட சில பள்ளிகளின் தனி வகுப்புகளில் அமர்த்திப் பயிற்றுவித்து வந்தது. 2024 ஆகஸ்டில் தேசிய தினப் பேரணி உரையாற்றிய பிரதமர் லாரன்ஸ் வோங், இவ்வமைப்பு கைவிடப்படும் என்றும், இனி ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் தன் மீத்திறன் மாணவர்களுக்கான திட்டத்தைத் தானே நடத்தும் என்றும் அறிவித்தார். புதிய ஏற்பாட்டின் பயன் ஏறத்தாழ பத்து விழுக்காட்டு மாணவர்களைச் சென்றடையும் என்பது அரசின் கணிப்பு. சக வயதினரைவிட ஏதேனும் ஒரு துறையில் வெகுவாக முந்திநிற்கும் கற்றல் ஆற்றலையே மீத்திறன் என்கிறோம்; அவ்வாற்றல் உடையவரைத் தேடிப் பிரித்துக் கொண்டுபோவதா, அவர் இருக்கும் வகுப்புக்கே பாடத்தைத் தகவமைத்துத் தருவதா என்னும் பழைய வழக்கில் சிங்கப்பூர் பக்கம் மாறியிருக்கிறது.

மாறியதற்குப் போதிய காரணம் உண்டு. ஒரே தேர்வின் எல்லைக்கோட்டை நம்பித் திறனை அளப்பது எவ்வளவு வழுக்கும் என்பதற்கு, அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வே சான்று. நுண்ணறிவு ஈவு குறைவு என்று அவ்வாய்வில் சேர்க்கப்படாத சிறுவர்களுள் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் அல்வாரெஸ் என்னும் இருவர் பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். ஜோசப் ரென்சுல்லி 1978இல் முன்வைத்த மூவளையக் கருத்தோ, சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், படைப்புத்திறன், எடுத்த பணியில் ஊன்றி நிற்கும் உறுதி ஆகிய மூன்றும் கூடுமிடத்தில்தான் மீத்திறன் வெளிப்படுகிறது என்கிறது; இவற்றுள் பின்னிரண்டும் எழுத்துத் தேர்வில் எளிதில் சிக்குவன அல்ல. சிங்கப்பூரில் இத்தேர்வுக்கென்றே துணைப்பாட நிலையங்கள் பயிற்சி அளித்து வந்ததால், அளக்கப்பட்டது பிள்ளையின் ஆற்றலா, பெற்றோரின் பணவசதியா என்ற ஐயமும் எழுந்தது.

எனினும், பழைய அமைப்பை வெறும் மேட்டிமை என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. தன்னைப்போலவே கேள்வி கேட்கும் தோழர்களையும், அக்கேள்விகளுக்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர்களையும், சிறிய வகுப்பையும் அது தந்தது. புதிய ஏற்பாட்டின்கீழ், தன் பள்ளியில் தன்னந்தனியாக முந்திநிற்கும் பிள்ளைக்கு இணை கிடைப்பது அரிது என்பதை உணர்ந்தே, குறிப்பிட்ட சில பள்ளிகளில் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய வகுப்புகளும் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளன.

ஆனால் பிள்ளை நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது வழக்கமான வகுப்பில்தான். பின்னக் கூட்டல் பாடத்தில் பத்துக் கணக்குகளை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்ட மாணவிக்கு ஆசிரியர் மேலும் பத்துக் கணக்குகள் கொடுக்கிறார் என்று கொள்வோம். விரைந்து முடித்தால் கிடைப்பது கூடுதல் வேலை என்று கண்டுகொண்ட அவள் அடுத்த முறை மெதுவாக எழுதுவாள். இதற்கு மாற்றாக ரென்சுல்லியும் அவரைச் சார்ந்தோரும் வகுத்ததே பாடச்சுருக்கம்: பாடம் தொடங்குமுன் சிறு தேர்வு வைத்து, மாணவர் ஏற்கெனவே அறிந்த பகுதியை நீக்கிவிட்டு, அதனால் மிச்சமாகும் நேரத்தை ஆழமான வேலைக்குத் திருப்புவது. அந்நேரத்தில் அவளிடம், 1/2, 1/3, 1/6 மூன்றையும் கூட்டினால் 1 வருகிறது; தொகுதியில் 1 மட்டுமே உள்ள வெவ்வேறான மூன்று பின்னங்களைக் கூட்டி 1 பெற வேறு வழி உண்டா என்று கேட்கலாம். பாதியைத் தவிர்த்தால் 1/3, 1/4, 1/5 சேர்ந்தும் ஒன்றை எட்டாது, பாதியை வைத்துக்கொண்டு மூன்றிலொன்றைத் தவிர்த்தால் மீதியை 1/4, 1/5 சேர்ந்தும் நிரப்பாது, ஆகவே வேறு வழியே இல்லை என்று அவள் தானே கண்டறிய அரைமணி ஆகலாம். அவள் செய்வதும் அதே பின்னக் கூட்டல்தான். ஆனால் ஒன்று இல்லை என்பதை நிறுவும் கலையை அவள் அங்கே முதன்முறையாகத் தொடுகிறாள்.

இத்தகைய கேள்வியை ஆயத்தம் செய்ய ஆசிரியருக்கு நேரமும் பாட அறிவும் வேண்டும் என்பதே இம்முறையின் பெருங்குறை. இரண்டும் இல்லாதபோது, விரைந்து கற்கும் பிள்ளையைப் பின்தங்கிய பிள்ளைக்குச் சொல்லித்தரும் துணையாசிரியராக்குவதே கைக்கெட்டிய தீர்வாகிறது. எப்போதாவது அது நல்லதே. விளக்கிச் சொல்வதால் புரிதல் தெளியும். நாள்தோறும் நடந்தால், கற்க வந்த பிள்ளையிடம் வாங்கும் கூலியில்லா வேலை அது. தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும் ஆண்டுகளில், எதையும் நீக்காமல் எல்லாரையும் ஒரே பயிற்சித்தாளில் ஓட்டும் அழுத்தமும் இதனுடன் சேர்ந்துகொள்ளும்.

எனவே சிங்கப்பூரின் மாற்றம் யாரைச் சென்றடைகிறது என்பதில் பழையதைவிட நியாயமானது. எதைக் கொண்டுசேர்க்கிறது என்பதில் இன்னும் நிறுவப்படாதது. புதிய முறை 2027இல் தொடக்கநிலை 4இல் நுழையும் மாணவர்களிலிருந்து நடப்புக்கு வருகிறது. அதற்குள் வகுப்பாசிரியரின் வார அட்டவணையில் இவ்வாயத்தத்துக்கென நேரம் ஒதுக்கப்படாவிட்டால், பத்து விழுக்காட்டினருக்குக் கிடைக்கப்போவது இன்னும் பத்துக் கணக்குகளே.